அலை மேல ஒரு ஆசாரி வேலை!

ஒரு கேள்வி. உண்மையைச் சொல்லணும்... ஃபர்ஸ்ட் இயர் வொர்க்‌ஷாப் லேப்ல ‘கிராஸ் லேப் ஜாயின்ட்’ போடச் சொன்னாங்களே, அதை நீங்களேதான் செஞ்சீங்களா? இல்ல, சீனியரோட பழைய கட்டையை வாங்கி, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, புது ரோல் நம்பர் எழுதி சப்மிட் பண்ணீங்களா?

வெட்கப்படாதீங்க பாஸ், நானும் அந்தக் கட்சிதான்! ஆனா உங்களைவிட என் பாவம் கொஞ்சம் பெருசு. ஏன்னா, எங்க அப்பா கார்பென்டர். திண்டிவனம் பக்கத்துல நிலை, கதவு, ஜன்னல்னு 30 வருஷமா மரத்தோடயே வாழுற மனுஷன். அவர் பையன் 50 ரூபாய் கொடுத்து சீனியர்கிட்ட ஜாயின்ட் வாங்கினான். காலேஜ் ஃபார்ம்ல ‘தந்தையின் தொழில்’ங்கிற கட்டத்துல அவன் எழுதினது, ‘பிசினஸ்’.

இந்தக் கதை அந்தப் பையனும் அவன் அப்பாவும் சேர்ந்து ஒரு மர சர்ஃப் போர்டு செஞ்ச கதை. படிச்சு முடிக்கிறப்போ உங்களுக்கும் கை நமநமன்னு அரிச்சா, அதுக்குக் கம்பெனி பொறுப்பில்லை!

பொறி பறந்த இடம்

2025 ஆகஸ்ட்ல மாமல்லபுரத்துல ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப் நடந்தது ஞாபகம் இருக்கா? நம்ம நாட்டு வீரர் ரமேஷ் புதிஹால் வெண்கலம் ஜெயிச்சாரே, அதேதான். பைக்ல ட்ரிபிள்ஸ் போய் வெயில்ல கருகி, வாயைப் பொளந்து வேடிக்கை பார்த்தோம். திரும்பி வர்ற வழியில ஒரு கடையில போர்டு விலையைக் கேட்டதும், பொளந்த வாய் தானா மூடிக்கிச்சு.

ஹாஸ்டலுக்கு வந்து தேடினப்போதான் ஒரு விஷயம் தெரிஞ்சுது. இன்னிக்குக் கடையில தொங்குற ஃபோம் போர்டு எல்லாம் நேத்து வந்த ஐட்டம். சர்ஃபிங்கோட ஒரிஜினல் போர்டு, மரம். செஞ்சவங்க எல்லாம் ஆசாரிங்க!

ஹவாய் தீவுக்காரங்கதான் இதுல தாத்தாவுக்கெல்லாம் தாத்தா. கேப்டன் குக்கோட கப்பல்ல வந்த ஜேம்ஸ் கிங்ங்கிற அதிகாரி, 1779-லயே அவங்க பலகை மேல அலை ஏறி விளையாடுறதைப் பார்த்து அசந்துபோய் எழுதி வெச்சிருக்கார். அவங்க பலகையில பல ரகம். குட்டிப் பலகைக்கு ‘பைப்போ’. மெலிசான, நின்னு ஓட்டுற பலகைக்கு ‘அலாயா’. ராஜ வம்சத்துக்குன்னே நீளமா ஒண்ணு, பேர் ‘ஓலோ’. மரம் வெட்டுறப்போ அதோட வேருல ஒரு சிவப்பு மீனைப் படையல் வெச்சுக் கும்பிடுவாங்களாம். அப்புறம் கல் கோடரியால செதுக்கி, பவளப்பாறைத் துண்டை வெச்சுத் தேய்ச்சு வழவழப்பாக்கி, கடைசியில ‘குக்குய்’ங்கிற கொட்டையோட எண்ணெயைப் பூசுவாங்க. உப்புத்தாளுக்குப் பதில் பவளம், வார்னிஷுக்குப் பதில் எண்ணெய். மத்தபடி எங்க அப்பா பட்டறை ரொட்டீன்தான்!

1885-ல அமெரிக்காவுல படிக்கப் போன மூணு ஹவாய் இளவரசர்கள், சாண்டா குரூஸ்ங்கிற ஊர்ல, அந்த ஊர் ரெட்வுட் மரத்துலயே பலகை அறுத்து அலை ஏறினாங்க. 1912 ஒலிம்பிக்ல நீச்சல்ல தங்கம் வாங்கின ட்யூக் கஹானமோக்கு, 1914 கடைசியில ஆஸ்திரேலியா போனப்போ கையில போர்டு இல்லை. உள்ளூர்ல சுகர் பைன் மரம் வாங்கி, தானே செதுக்கி, சிட்னியில ஃப்ரெஷ்வாட்டர் பீச்ல ஓட்டிக் காட்டினார். அந்தப் பலகை இன்னிக்கும் அந்த ஊர் கிளப்புல பத்திரமா இருக்கு.

ஆக, பரீட்சைக்கு இங்கிலீஷ்ல சொன்னா ‘ப்ராடக்ட் டெவலப்மென்ட்’. நம்ம பாஷையில, மரம் கிடைச்சுது, செதுக்கினாங்க.

வயித்துக்குள்ள காத்து!

ஒரே கட்டையில செதுக்கினா கனம் தாங்காது. அந்தக் காலத்து பெரிய போர்டைத் தூக்கவே ரெண்டு பேர் வேணும். இதுக்கு வழி கண்டுபிடிச்சவர் டாம் பிளேக்னு ஒரு அமெரிக்கர். ஹொனலுலுவுல பிஷப் மியூசியத்துல இருந்த பழைய ஹவாய் பலகைகளைப் பார்த்து அதே மாதிரி செய்யப் போனவர், கனத்தைக் குறைக்க பலகை முழுக்க நூத்துக்கணக்குல ஓட்டை போட்டு, மேல மெலிசா மரத்தை ஒட்டி மூடினார். அடுத்த கட்டமா உள்ள முழுசா காலி பண்ணிட்டு, ஏரோப்ளேன் இறக்கை மாதிரி விலா எலும்பு வெச்சுக் கட்டினார். 1932-ல அதுக்குப் பேட்டன்ட்டும் வாங்கிட்டார். போர்டுக்கு அடியில ‘ஃபின்’ மாட்டினதும் அவர்தான், 1935-ல.

அப்புறம் பால்சா மரம் வந்துது. 1950-கள் கடைசியில பாலியூரித்தேன் ஃபோம் வந்து மரத்தை ஓரங்கட்டிடுச்சு. 2005 டிசம்பர் 5-ம் தேதி, அமெரிக்காவுல பெரும்பாலான போர்டுக்கு ஃபோம் சப்ளை பண்ணிட்டு இருந்த கிளார்க் ஃபோம் கம்பெனி திடீர்னு ஷட்டரை இறக்கினப்போ, போர்டு செய்றவங்க எல்லாம் தலையில கை வெச்சு உட்கார்ந்தாங்க. அந்தச் சமயத்துலதான் ஆஸ்திரேலியாவுல டாம் வெக்னர்ங்கிறவர் பாலோனியா மரத்துல பழைய அலாயாவைத் திரும்பச் செஞ்சு, உலகத்தையே திரும்பிப் பார்க்க வெச்சார்.

இதெல்லாம் படிச்சதும் எனக்குள்ள தூங்கிட்டிருந்த மெக்கானிக்கல் இன்ஜினீயர் எழுந்து உட்கார்ந்துட்டான். ‘ஹாலோ போர்டு செய்றோம்... செமஸ்டர் லீவுலயே செய்றோம்!’

கணக்கு ஈஸி. 8 அடி நீளம், 22 அங்குல அகலம், நடுவுல 9 சென்டிமீட்டர் கனம். மூக்கும் வாலும் ஒடுங்குறதைக் கழிச்சா, சுமார் 76 லிட்டர் கொள்ளளவு. அது கடல்தண்ணியில முழுசா அமுங்கினா கிட்டத்தட்ட 78 கிலோவைத் தாங்கும். ஹாஸ்டல் மெஸ் புண்ணியத்துல நான் 58 கிலோ. போர்டு 14 கிலோவுல முடிஞ்சா, மொத்தம் 72. மிச்சம் 6 கிலோ கையில. ஆர்க்கிமிடிஸ் வாழ்க!

கம்ப்யூட்டர் வளைஞ்சுது... பலகை வளையலை

‘கேட்’ சாஃப்ட்வேர்ல ரெண்டு நாள் உட்கார்ந்து டிசைன் போட்டேன். மேல்பக்கம் மூக்கிலிருந்து வால் வரைக்கும் ஒரு வளைவு, குறுக்கால ஆமை ஓடு மாதிரி இன்னொரு வளைவு. ஸ்கிரீன்ல சுத்திச் சுத்திப் பார்த்தேன். தேவதை மாதிரி இருந்துது.

பிரின்ட் அவுட்டை அப்பாகிட்ட நீட்டினேன். கண்ணாடியை ஏத்திப் பார்த்தார்.

“இது எதுல செய்யப் போற?”

“4 எம்.எம். மரைன் பிளைவுட்ப்பா.”

“பிளைவுட் ஒரு பக்கம் வளையும். ரெண்டு பக்கமும் ஒண்ணா வளையாதே தம்பி.”

“அதெல்லாம் கிளாம்ப் போட்டா உட்கார்ந்துடும்ப்பா. சாஃப்ட்வேர்ல செக் பண்ணிட்டேன்.”

அவர் ஒண்ணும் சொல்லலை. மறுநாள், என் ஸ்காலர்ஷிப் காசுல வாங்கின 8-க்கு 4 ஷீட்டை வெட்டி, விலா மேல வெச்சு, கிளாம்ப்பை முறுக்கினேன். ‘படீர்!’ நடுவுல கோடு போட்ட மாதிரி விரிசல்.

நீங்களே செஞ்சு பாருங்க. ஒரு ஏ4 பேப்பரை எடுங்க. உருட்டுங்க, அழகா உருளும். அதே பேப்பரை ஒரு கிரிக்கெட் பால் மேல சுருக்கமே விழாம ஒட்டுங்க பார்ப்போம். முடியாது. பிளைவுட்டும் அதேதான். இதுக்கு மேத்ஸ்ல பெரிய பேர் இருக்கு, நான் எழுதி பாஸும் பண்ணியிருக்கேன். எங்க அப்பா எட்டாவதோட நின்னவர். அவர் கைக்குத் தெரிஞ்சிருந்தது.

திட்டுவார்னு நினைச்சேன். உடைஞ்ச ஷீட்டை எடுத்து ஓரமா வெச்சார். “விலா வெட்ட ஆகும். வீணாகாது” அப்படின்னார். அவ்ளோதான்.

அன்னிக்கு சாயந்திரமே பென்சிலைக் காதுல சொருகிட்டு அவரே களத்துல இறங்கிட்டார்!

பட்டறைப் பாடம்

இனிமே வர்றது, அப்பா சொல்லிக் கொடுத்த சிலபஸ். குறிச்சுக்கங்க.

முதல்ல அவுட்லைன். சுவத்துல ஒட்டின அட்டையில நாலஞ்சு ஆணி அடிச்சார். கணு இல்லாத மெலிசான ரீப்பர் கட்டையை அந்த ஆணிங்களுக்கு நடுவுல வளைச்சு விட்டு, அது ஓரமா பென்சில் ஓட்டினார். மரம் தானா எடுக்கிற வளைவு எங்கேயும் இடிக்காது. பாதி போர்டுதான் வரையணும். அந்த அட்டையை அப்படியே திருப்பிப் போட்டா மறுபாதி. ரெண்டு பக்கமும் ஒரே அளவு, கம்ப்யூட்டரே வேண்டாம்.

அடுத்தது எலும்புக்கூடு. நடுவுல நீளமா ஒரு தண்டு, முன்பக்கம் மேல தூக்கின மாதிரி. மூக்கு தூக்கலைன்னா அலை இறங்குறப்போ போர்டு நேரா தண்ணிக்குள்ள குத்திடும். அடிக்கு ஒண்ணா 7 விலா. தண்டும் விலாவும் சேர்ற இடத்துல ரெண்டுலயும் பாதிப் பாதி வெட்டி ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகணும். என்ன ஜாயின்ட் தெரியுதா? சாட்சாத் அதே கிராஸ் லேப்! 50 ரூபாய்க்கு வாங்கின பாவத்துக்கு, 7 தடவை என் கையால வெட்ட வேண்டியதாச்சு. முதல் மூணு லூஸ். ஏழாவது, சுத்தியலால லேசா தட்டினாதான் இறங்குச்சு. அந்த ‘டொக்’ சத்தம் இருக்கே... அரியர் க்ளியர் ஆன ரிசல்ட் பார்க்கிற மாதிரி!

விலாவுக்கெல்லாம் பெரிய பெரிய ஓட்டை போட்டோம். கனமும் குறையும், உள்ள இருக்கிற காத்து ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போகவும் முடியும். இது ஏன் முக்கியம்னு கொஞ்ச நேரத்துல தெரியும்.

மூணாவது, ஓரம். மலைவேம்பு மரத்தை விரல் கனத்துக்குப் பட்டி பட்டியா அறுத்து, ஒண்ணு மேல ஒண்ணா எபாக்ஸி தடவி ஒட்டினோம். இத்தனை கிளாம்ப்புக்கு எங்க போக? பஞ்சர் கடையில பழைய சைக்கிள் ட்யூப்பை வாங்கி, ரிப்பன் மாதிரி வெட்டி இறுக்கிச் சுத்தினார் அப்பா. டாப் கிளாஸ் கிளாம்ப், செலவு 20 ரூபாய்!

காய்ஞ்சதும் இழைப்புளி. நான் போட்டா பலகை பிய்ஞ்சுது. “ரேகை போற பக்கம் போ. எதிர்ல போனா அது உன்னை மதிக்காது” அப்படின்னார். திசையை மாத்தினேன். சர்ர்ருனு சுருள் சுருளா வந்துது. ஓரத்தோட உருண்டை சரியா இருக்கான்னு பார்க்க ஸ்கேல் எடுத்தா, பிடுங்கி வெச்சுட்டார். “லைட்டை அணை. கண்ணை மூடிட்டுத் தடவு.” தடவினேன். இருட்டுல, உள்ளங்கையில, ஒரு சின்ன மேடு தட்டுப்பட்டுது. பகல் வெளிச்சத்துல அரை மணி நேரம் பார்த்தும் கண்ணுக்குத் தெரியாத மேடு.

அப்பாவோட உள்ளங்கை ஏன் அப்படிக் காய்ச்சுப் போயிருக்குன்னு அன்னிக்குதான் யோசிச்சேன். 20 வருஷமா பக்கத்துலயே இருக்கு அந்தக் கை.

மக்குல வந்த புகை

கதை முழுக்க அப்பாவே ஹீரோவான்னு கேக்காதீங்க. அவரும் பல்பு வாங்கினார்!

மரத்துக்கு மேல ஃபைபர் துணியை விரிச்சு எபாக்ஸி ஊத்தித் தேய்க்கணும், தண்ணி உள்ள போகாம இருக்க. அப்பாவுக்கு இது புதுசு. ஃபெவிகால் கலக்கிற பழக்கத்துல, மொத்த எபாக்ஸியையும் ஒரே மக்குல ஊத்தி ஹார்டனரைக் கலந்துட்டார். நாலஞ்சு நிமிஷத்துல மக்கு சூடாகி, புகை வந்து, உள்ள இருந்தது கல்லாகிடுச்சு. எபாக்ஸி இறுகுறப்போ சூட்டை வெளியே விடும். குறுகின மக்குல மொத்தமா இருந்தா அந்தச் சூடு தப்பிக்க வழியில்லாம இன்னும் வேகமா இறுகும். கொஞ்சம் கொஞ்சமா, அகலமான தட்டுல கலக்கினா நிதானமா இருக்கும். இதை நான் விளக்கினேன். முதல் தடவையா அவர் என் வாயையே பார்த்துக் கேட்டுட்டு இருந்தார்.

“காலேஜ்ல இதெல்லாம்கூட சொல்லித் தர்றாங்களா?” அப்படின்னார். எனக்குள்ள என்னவோ பண்ணுச்சு பாஸ்.

அடுத்து நான் பல்பு வாங்க வேண்டிய முறை. காலையில பத்து மணிக்கு ஜம்முனு துணி ஒட்டினோம். வெயில் ஏற ஏற, துணிக்கு அடியில குமிழ் குமிழா கிளம்புச்சு. சூட்டுல மரத்துக்குள்ள இருக்கிற காத்து விரிஞ்சு வெளியே வருது! மறுபக்கத்தை சாயந்திரம், சூடு இறங்குறப்போ செஞ்சோம். ஒரு குமிழ்கூட இல்லை.

அதோட காத்து விவகாரம் முடிஞ்சுதுன்னு நினைச்சேன். முடியலை. இருபதாவது நாள் போர்டு ரெடி. எடை போட்டா 14 கிலோ, கணக்குக்குக் கணக்கு! பெருமையில மொட்டை மாடியில வெயில்ல வெச்சு போட்டோ எடுத்தேன். சாப்பிடப் போயிட்டு வந்து பார்த்தா, மேல்பலகை ஓரமா ஒரு ஜாண் நீளத்துக்கு வாயைப் பொளந்து நிக்குது.

பி.வி. = என்.ஆர்.டி. பிளஸ் டூவுலயே படிச்சோமே! மூடின டப்பாவுக்குள்ள 27 டிகிரியில இருக்கிற காத்து, வெயில்ல 60 டிகிரிக்குப் போனா அழுத்தம் 11 சதவிகிதம் ஏறும். ஒரு சதுர மீட்டர் பலகை மேல அது சுமார் 1,100 கிலோ எடை உட்கார்ந்த மாதிரி, உள்ளேயிருந்து தள்ளும். ஃபார்முலா எனக்கு மனப்பாடம். மொட்டை மாடியில ஞாபகம் வரலை.

நான் படிக்கட்டுல உட்கார்ந்துட்டேன். நாளைக்கு மறுநாள் காலேஜ் திறக்குது. அப்பா சாயந்திரம் வேலை முடிஞ்சு வந்தார். அவருக்கும் அப்போ வேலை கம்மி. ரெடிமேட் கதவு வந்ததுல இருந்து நிலை, கதவுன்னு தேடி வர்றவங்க குறைஞ்சுட்டாங்க. பொளந்த இடத்தைப் பார்த்தார். விரலை விட்டுப் பார்த்தார்.

“ஒட்டு போகலை. மரம்தான் விலகியிருக்கு. சரி பண்ணிடலாம். என்ன பண்ணணும், நீ சொல்லு.”

‘நீ சொல்லு’. சொன்னேன். மேல்பலகையில ஒரு ஓட்டை, அதுல பித்தளை திருகு, ரப்பர் வாஷர். கரையில இருக்கிறப்போ திருகைக் கழட்டிடணும், காத்து வந்து போகட்டும். தண்ணியில இறங்குறதுக்கு முன்னாடி மூடிடணும். விலாவுல ஓட்டை இருக்கிறதால, மொத்த போர்டுக்கும் அந்த ஒரு மூக்கு போதும். ராத்திரி ஒண்ணரை மணிக்கு எபாக்ஸியும் மரத்தூளும் குழைச்சு அடைச்சு, சைக்கிள் ட்யூப்பால கட்டி வெச்சுட்டுப் படுத்தோம்.

கோவளத்துல ஒரு காலை

காலேஜ் திறந்த முதல் ஞாயிறு. அப்பா முதல் பஸ் பிடிச்சு கோவளம் வந்துட்டார். செருப்பைக் கையில பிடிச்சுக்கிட்டு மணல்ல நின்னார். அவர் கடலுக்கு வந்தே பத்து வருஷம் இருக்கும்.

அங்க வலை பிரிச்சுட்டிருந்த ஒரு பெரியவர் போர்டைத் தட்டிப் பார்த்தார். “உள்ள காத்தா? ஓட்டை விழுந்தா?” அப்படின்னார். கட்டுமரத்துல அந்தப் பயமே இல்லையாம். கட்டைக்கும் கட்டைக்கும் நடுவுல தண்ணி ஏறும், அதே வழியில இறங்கிடும். கரைக்குத் திரும்புறப்போ அலை முதுகுலயே ஏறி வந்துடும். நம்ம ‘கட்டுமரம்’தானே இங்கிலீஷ்ல ‘கேட்டமரன்’ ஆச்சு! மரத்துல அலை ஏறுறது இந்தக் கரைக்கும் பழக்கமானதுதான்னு அப்போதான் உறைச்சுது.

திருகை மூடினேன். சர்ஃப் ஸ்கூல் அண்ணன் ஒருத்தர் கூடவே இறங்கினார். முதல் அலை, கவுந்தேன். ரெண்டாவது, மூக்கு வழியா உப்புத்தண்ணி. மூணு, நாலு, அஞ்சு... அதெல்லாம் எதுக்கு? ஒன்பதாவது அலையில வயித்துல படுத்தபடி, போர்டு தானா கிளம்புச்சு. எழுந்து நிக்கலாம்னு பார்த்தேன், முட்டி போடுற வரைக்கும்தான் வந்துது. ஆனா கரை வரைக்கும் வந்துட்டேன். மர போர்டு தண்ணி மேல போறப்போ அடியில ஒரு சத்தம் வரும் பாருங்க, இழைப்புளி ஓடுற மாதிரி!

அப்பா ஓடி வந்தார். என்னைப் பார்க்கலை. போர்டைப் புரட்டி, ஒட்டுப் போட்ட இடத்தை உள்ளங்கையால தடவினார். காதுகிட்ட வெச்சுக் குலுக்கினார். சொட்டுத் தண்ணி சத்தம் இல்லை.

“நிக்குதுடா” அப்படின்னார். 30 வருஷமா ஒவ்வொரு கதவை மாட்டின பிறகும் அவர் சொல்ற அதே வார்த்தை.

போன வாரம் பிளேஸ்மென்ட் செல்லுக்கு ஒரு ஃபார்ம் ஃபில் பண்ணினேன். ‘தந்தையின் தொழில்’ கட்டம் வந்துது. ‘கார்பென்டர்’னு எழுதினேன். எழுத்து கட்டத்தைவிட்டுக் கொஞ்சம் வெளியே வந்துடுச்சு. இருக்கட்டும்!

நீங்களும் இறங்கப் போறீங்களா?

* முதல் முயற்சிக்கு ஹாலோ போர்டு வேண்டாம். நாலு அடியில ஒரு பைப்போ செய்யுங்க. கணு இல்லாத, கனம் குறைஞ்ச ஒரே பலகை, முன்பக்கம் உருண்டை, ஓரம் இழைப்பு, எண்ணெய்ப் பூச்சு. ஒரு வார வேலை. மெலிசான பலகை உங்களை மிதக்க வைக்காது. அலையோட வேகம்தான் தூக்கும். அதனால இடுப்பளவு தண்ணியிலயே விளையாடலாம்.

* எபாக்ஸி கலக்கிறப்போ கையுறை கட்டாயம். ஃபைபரைத் தேய்க்கிறப்போ முகமூடி கட்டாயம். அரிப்பு வந்தா சினிமா டான்ஸ் ஆட வேண்டியிருக்கும்.

* ஹாலோ போர்டுல மூச்சுத் திருகு இல்லாம வெயில்ல வைக்காதீங்க. என் கதையே சாட்சி.

* கடல் விளையாட்டு இல்லை. நம்ம கரையில நீரோட்டம் இழுக்கும். நீச்சல் தெரிஞ்சாலும் தனியா இறங்கவே இறங்காதீங்க. சர்ஃப் ஸ்கூல் ஆளுங்களோட, காலுல கயிறு மாட்டிக்கிட்டு மட்டும்.

* உங்க வீட்டுலயோ தெருவுலயோ ஒரு ஆசாரி இருப்பார். டிசைனை அவர்கிட்ட முதல்ல காட்டுங்க. ஷீட் வாங்குறதுக்கு முன்னாடி!